வீட்டில் இதய நோயாளி: ஆப்பில் ஏறும் அளவுகளை யார் பார்ப்பது?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். எடை, பிரஷர், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் தினமும் மருத்துவமனை ஆப்பில் பதிகிறேன். இரவிலும் எழுந்து எழுந்து ஆக்சிஜன் பார்க்கிறேன். பெங்களூரில் இருக்கும் மகன் ஆப்பைப் பார்த்துவிட்டு, "ஏம்மா பிரஷர் கூடியிருக்கு, உப்பு அதிகமா போட்டியா?" என்று போன் செய்கிறான். தூங்கிவிட்டால் எதையாவது தவற விட்டுவிடுவேனோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: மருத்துவர் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, இரவில் ஆக்சிஜன் பார்ப்பதை நிறுத்துங்கள். விரல் சில்லிட்டிருந்தாலே அந்தக் கருவி குறைத்துக் காட்டும். நுரையீரலில் நீர் கோத்தால் அவரால் மல்லாந்து படுக்க முடியாது. மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துவிடுவார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் மட்டும் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எடுப்பதில் அதிகம் பயன்படுவது எடைதான். இதயம் பலவீனமானால் உடலில் உப்பும் நீரும் தங்கும். கால் வீங்குவதற்கு முன்பே எடை ஏறத் தொடங்கலாம். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், அதே எடை மெஷினில் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம். பிரஷர் ஒரு நாள் கூடுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு மறுபடி பாருங்கள், போதும்.

அப்புறம், மருத்துவமனையிடம் ஒன்று கேளுங்கள்: இந்த அளவுகளை யார், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள்? பல இடங்களில் அலுவலக நேரத்தில் மட்டுமே பார்ப்பார்கள். அமெரிக்காவில் நோயாளிகள் தானியங்கித் தொலைபேசியில் தினமும் எடையையும் அறிகுறிகளையும் சொன்ன ஒரு பெரிய ஆய்வில் (2010) பலனே இல்லை. 2018-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே மறுமுனையில் ஒரு கண்காணிப்பு மையத்தில் 24 மணி நேரமும் மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். அந்த மையத்தின் வேலையைத்தான் நீங்கள் ஒற்றை ஆளாக, அதுவும் தூங்காமல், செய்துகொண்டிருக்கிறீர்கள். எந்த அளவைத் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் எண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஆப்பைப் பார்ப்பவனே மருத்துவமனைக்கும் பேசட்டும், மாத்திரை தீரும் முன் ஆர்டர் போடட்டும். கேள்வி கேட்பது மட்டும் பங்களிப்பு ஆகாது. உங்கள் கணவரால் முடியுமென்றால் எடையை அவரே பார்த்து எழுதலாம். நோயாளிக்கும் அது நல்லது. உங்கள் தூக்கமின்மையை அடுத்த முறை அவருடைய மருத்துவரிடமே சொல்லுங்கள். உங்கள் பிரஷரையும் பார்த்துவிடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் இருந்தால் எந்தக் கருவியையும் தேட வேண்டாம், ஆப்பிலும் பதிய வேண்டாம். நேராக 108-ஐக் கூப்பிடுங்கள்.