இடது கைக்கு எந்தக் கத்திரி?

கேள்வி: நான் இடது கைக்காரி. பியூட்டீஷியன் பயிற்சி இப்போதுதான் முடித்தேன். 'ரெண்டு கைக்கும் ஆகும்' என்று கடையில் கொடுத்த கத்திரியில் முடி வெட்டுப்படாமல் மடங்கி அலகுக்குள் மாட்டிக்கொள்கிறது. கோளாறு கையிலா, கத்திரியிலா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கைக்கும் ஆவது அந்தக் கத்திரியின் பிடி மட்டும்தான். வளையங்கள் இரண்டும் சமமாக இருந்தால் எந்தக் கை விரலும் நுழையும். சுண்டுவிரல் தாங்கியைக் கழற்றி அடுத்த வளையத்தில் முடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அலகு மாறாதே!

கையை மூடும்போது கட்டைவிரல் நேராக இறங்குவதில்லை. லேசாக வெளிப்பக்கம் தள்ளும். மற்ற விரல்கள் உள்ளங்கைப் பக்கம் இழுக்கும். வலது கைக் கத்திரியை வலது கையில் பிடித்தால் இந்தத் தள்ளல் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதையே இடது கையில் பிடித்தால் அலகுகளைப் பிரித்துவிடும். அந்த இடுக்கில்தான் முடி மடங்குகிறது. போதாததற்கு, வெட்டும் இடத்தை மேல் அலகு மறைத்துவிடும்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். நுனி மேலே இருக்கும்படி, கத்திரியைப் பெருக்கல் குறி போலத் திறந்து முகத்துக்கு நேரே பிடியுங்கள். உங்கள் பக்கமாக இருக்கும் அலகின் நுனி வலப்புறம் சாய்ந்திருந்தால் அது வலது கைக் கத்திரி. இடப்புறம் என்றால் உங்களுடையது. முன்பின் திருப்பிப் பிடித்தாலும் இது மாறாது. பிறகு ஒரு டிஷ்யூ தாளை நனைத்து, இடது கையாலேயே அடியிலிருந்து நுனிவரை வெட்டிப் பாருங்கள். கிழியாமல், மடங்காமல் நுனிவரை வெட்டினால் வாங்கலாம்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக வலது கைக் கத்திரியை இடது கையில் பிடித்தே தொழில் செய்கிறேன். கட்டைவிரல் அடியில் வலி வந்ததால் அசல் இடது கைக் கத்திரி வாங்கினேன். அது பழசைவிட மோசமாக வெட்டுகிறதே, ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், மதுரை

பதில்: அலகைச் சோதித்துவிட்டீர்கள் என்றால் ஏமாறவில்லை. இத்தனை வருடமும் அலகை நெருக்க, கட்டைவிரலை உள்ளே இழுத்து இழுத்து வெட்டிப் பழகியிருப்பீர்கள். வலிக்குப் பெரும்பாலும் காரணம் அந்த இழுப்புதான். புதுக் கத்திரியில் அதே இழுப்பு அலகைப் பிரிக்கும். வளையத்துக்குள் கட்டைவிரலை நகக்கண் அளவுக்கு மேல் நுழைக்காதீர்கள். உள்ளே போகப் போகப் பழைய பழக்கம் தலைதூக்கும். முதலில் டம்மி தலையில், கட்டைவிரல் அலகு மட்டும் அசைய, வெறுமனே திறந்து மூடிப் பழகுங்கள். சில வாரம் பிடிக்கும். அதுவரை வாடிக்கையாளருக்குப் பழைய கத்திரியே இருக்கட்டும், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் கை குழம்பும். வலியே இல்லாதவர் இப்படி மாற வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்த மாட்டோம்.

கேள்வி: என்ன நீளம், எந்தக் கூர்?
– வாசகி, ஈரோடு

பதில்: விரலிடுக்கில் முடியைப் பிடித்து வெட்டுவதற்கு 5 முதல் 5.5 அங்குலம். சீப்பின் மேல் வைத்து வெட்டும் ஆண்கள் கட்டிங்குக்கு 6 முதல் 7. அளவு நுனியிலிருந்து வளையத்தின் கடைசிவரை. விரல் தாங்கி கணக்கில் வராது. முதல் கத்திரிக்கு, முடி நழுவாமல் பிடிக்கும் நுண்பற்கள் கொண்ட பெவல் கூர் (விளிம்பைச் சரிவாகத் தீட்டியது) போதும். வழுக்கி வெட்டும் ஸ்லைடு கட்டிங்குக்குத்தான் கான்வெக்ஸ் கூர் (வெளிப்புறம் வளைவாகத் தீட்டியது) தேவை. அதில் 440சி அல்லது விஜி-10 எஃகு என்று கேட்டு வாங்குங்கள். தின்னிங் கத்திரியும் (முடி அடர்த்தியைக் குறைக்கும் பல் கத்திரி) இடது கை அலகாகத்தான் இருக்க வேண்டும். பலரும் வெட்டும் கத்திரியை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சாணை பிடித்து வந்த இடது கைக் கத்திரி முன்னைவிட மழுங்கிப்போனது ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அலகின் உட்புறம் லேசாகக் குழிந்திருக்கும்; விளிம்பில் மெல்லிய கோடாகத்தான் இரண்டு அலகும் உரசும். சாதாரண சாணைச் சக்கரம் அந்தக் கோட்டையே தின்றுவிடும். வலது கைக் கத்திரிக்கென்று அமைத்த கோணத்திலேயே பிடித்தாலும் கூர் எதிர்ப்பக்கம் விழும். முடிவெட்டும் கத்திரிக்கென்றே சாணை பிடிப்பவரிடம், இடது கைக் கத்திரி என்று சொல்லிக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் திருகைப் பாருங்கள். திருகு தளர்ந்தாலும் முடி மடங்கும், கூர் போய்விட்டது போலவே தோன்றும். ஒரு வளையத்தைப் பிடித்து, மற்ற அலகைச் செங்கோணமாகத் தூக்கி விடுங்கள். பாதி வழியில் நின்றால் சரி. முழுக்க மூடிவிட்டால் திருகைச் சிறிது முடுக்குங்கள். அசையவே இல்லையென்றால் தளர்த்துங்கள். இரவில் முடியைத் துடைத்து, திருகடியில் ஒரு சொட்டு கத்திரி எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து முடித்தூளைப் பிடித்துக்கொள்ளும்.