கதை எப்போது தொடங்கும் என்று கேட்டவரும் ரசிகர்தான்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். சென்ற முறை நான் சொல்லி ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ போட்டோம். எனக்கு உயிரான படம். ஓர் இளைஞர் பாதியிலேயே, “கதை எப்போது தொடங்கும்?” என்று கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், “ஊரான் புருஷனும் ஊரான் பெண்டாட்டியும் ஹோட்டல் அறையில் பேசிக்கொண்டு கிடப்பதைப் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு காட்டுவதா?” என்று கோபித்து, வாட்ஸ்அப் குழுவை விட்டே விலகிவிட்டார். ஜப்பானியர்களைக் கேலி செய்கிறது என்றார் ஓசூரில் வேலை பார்க்கும் பொறியாளர். துபாயிலிருந்து திரும்பிய ஓர் அண்ணன் மட்டும், “எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் கூட இப்படித்தான் எடுத்தோம்” என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார். நான் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டுமா? இனி இப்படிப்பட்ட படங்களே வேண்டாமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அன்புள்ள சகோதரி, கூட்டம் தோற்றுவிட்டது என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். ஒரே படத்துக்கு நான்கு பேர் நான்கு விதமாகப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கவே மாட்டார். இதைவிட ஒரு திரையிடலுக்கு என்ன வேண்டும்?

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 2003-ல் சோஃபியா கொப்போலா எழுதி இயக்கியது. விஸ்கி விளம்பரத்தில் நடிக்க டோக்கியோ வருகிறார், மார்க்கெட் இறங்கிப்போன அமெரிக்க நடிகர் ஒருவர். புகைப்படக்காரக் கணவன் வேலைக்குப் போய்விட, ஹோட்டல் ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ஓர் இளம்பெண். இருவருக்கும் தூக்கம் வரவில்லை. சில நாள் சேர்ந்து சுற்றுகிறார்கள், பேசுகிறார்கள், பிரிகிறார்கள். உங்கள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004 பிப்ரவரியில் இந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. உங்கள் இளைஞர் கேட்ட கேள்வியை அப்போது அமெரிக்காவிலும் எத்தனையோ பேர் கேட்டார்கள். 102 நிமிடம் உட்கார்ந்தவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ‘உனக்கு ரசனை போதாது’ என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் வரமாட்டார்.

துபாய் அண்ணனுக்கு வருகிறேன். படத்தில் அந்த நடிகரின் மனைவி, கம்பளத் துண்டுகளைப் பார்சலில் ஹோட்டலுக்கே அனுப்பி, எந்த நிறம் வேண்டும் என்று கேட்கிறாள். எல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிறது அவருக்கு. சண்டை இல்லை, அழுகை இல்லை. பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் காட்சி அது. ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டே ஊரில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். கடைக்காரர் போனை நீட்ட, மனைவி டைல்ஸ் ஒன்றைத் தூக்கிக் காட்ட, அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறையின் மூலையில் நின்று, “உனக்குப் பிடித்ததை எடு” என்று சொன்னவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! மனைவி மீதும் குற்றமில்லை, அவர் மீதும் குற்றமில்லை. பேச வேண்டியது ஒன்றிருக்க, பேசுவதற்குக் கிடைத்தது தரையின் நிறம். உங்கள் கூட்டத்தில் சொல்லப்பட்டவற்றில் ஆகச் சிறந்த விமர்சனம் அந்த ஒற்றை வரிதான் என்பேன். வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி ‘அனுபவத்தைப் பகிருங்கள்’ என்று மைக்கை நீட்டாதீர்கள்.

இதே படம் ஏன் ஒருவருக்கு வெறும் காற்று, இன்னொருவருக்கு நெஞ்சடைப்பு? படம் பாதியைத்தான் தருகிறது. மீதியைப் பார்ப்பவர் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு தருமபுரி பஸ் நிலையத்தில் பையும் பாத்திரமுமாக பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கும் சித்தாளிடம் போடுவதற்கு நிறைய இருக்கும். ஊரை விட்டே நகராதவரிடம் இல்லாமல் போகலாம். அது அவருடைய குறையல்ல, சொல்லப்போனால் கொடுப்பினை.

பொறியாளர் சொன்னது சரி. எனக்கும் பிடித்த படம்தான். அதற்காக மழுப்ப மாட்டேன். லிஃப்டில் எல்லார் தலைக்கும் மேலே அந்த அமெரிக்கர் தலை தெரிவதும், ஜப்பானியரின் ஆங்கில உச்சரிப்பை வைத்துச் சிரிப்பதும் மலிவான நகைச்சுவை. அமெரிக்காவில் வாழும் ஆசியர்கள் அப்போதே கண்டித்தார்கள். சேட்டு பேசும் தமிழுக்கு நம் படங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்ததையும் அவர் நினைவூட்டினால், விவாதம் இன்னும் சூடாகும். ஒரு விஷயத்தை மட்டும் அவரோடு பேசிப் பாருங்கள். விளம்பரப் படப்பிடிப்பில் ஜப்பானிய இயக்குநர் மூச்சுவிடாமல் பேசுகிறார். மொழிபெயர்க்கும் பெண்ணோ வலப்பக்கம் திரும்பி அழுத்தமாகப் பார்க்கச் சொல்கிறார் என்பதோடு முடித்துவிடுகிறாள். அந்த ஜப்பானியப் பேச்சுக்கு சப்டைட்டில் கிடையாது. கூட்டத்தில் யாராவது பிரதி கோளாறு என்று நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. நடிகருக்குப் புரியாதது நமக்கும் புரியக்கூடாது என்றுதான் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

தலைமையாசிரியரைப் பழமைவாதி என்று ஒதுக்காதீர்கள். படப்பிடிப்பு நடந்த காலத்தில் கதாநாயகி ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்கு வயது 17, கதாநாயகன் பில் மர்ரேவுக்கு 52. பெண்பிள்ளைகளோடு ஆயுளைக் கழித்த ஆசிரியருக்கு அது உறுத்தாமல் இருந்தால்தான் வியப்பு. இருவரும் ஒரே கட்டிலில் உடுத்த உடையோடு படுத்து, கல்யாணத்தையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசுவதோடு அந்த இரவு முடிகிறது. ஆனால் அதே மனிதர் ஹோட்டல் பாடகியோடு ஓர் இரவு கழிப்பதும் படத்தில் உண்டு. ஆகவே ‘தூய நட்பு’ என்று வாதாடப் போனால் நீங்கள்தான் தோற்பீர்கள். வாட்ஸ்அப்பில் சமாதானம் பேசாமல் நேரில் போங்கள். “ஐயா, அடுத்த படம் உங்கள் தேர்வு” என்று சொல்லுங்கள். பதினாறு ரீல் பழைய படத்தை எடுத்து நீட்டினாலும் கடைசிவரை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முன்கூட்டிய விளக்கவுரை வேண்டவே வேண்டாம். ‘இது தனிமை பற்றிய படம்’ என்று அறிவித்துவிட்டுப் போட்டால், எல்லோரும் தனிமையைத் தேடிக்கொண்டிருப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். வெளிச்சம் போட்டவுடன் “எப்படி இருந்தது?” என்று கேட்பதையும் நிறுத்துங்கள். முதலில் டீ, பிறகு பேச்சு.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இந்தப் படத்தின் கடைசியில் அவர் அவள் காதோரம் சொல்வது யாருக்குமே கேட்காது, அது போகட்டும். மற்ற வசனமாவது கேட்டதா? கூடத்தில் நான்கு மின்விசிறிகளை ஓடவிட்டுக்கொண்டு லேப்டாப் ஒலிபெருக்கியை நம்பி அமைதியான படம் போட்டால் பின்வரிசைக்கு எதுவும் எட்டாது. உள்ளூர் ரேடியோ செட்டுக்காரரிடம் ஒரு பாக்ஸ் வாடகைக்கு எடுங்கள். சப்டைட்டில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள்.