பர்மாவில் பிறந்த ராணுவ மருத்துவர்: கேள்வி பதில்

நான் ரங்கூனில் பிறந்தவன். 1965இல் பன்னிரண்டு வயதில் கப்பலில் சென்னை வந்து, வியாசர்பாடியில் வளர்ந்து, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தேன். 1977 முதல் 2003 வரை ராணுவ மருத்துவப் படையில் இருந்தேன். அக்கம்பக்கத்தார் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெளிநாட்டில் பிறந்தவரை ராணுவத்தில் எப்படிச் சேர்த்தார்கள்? (கொடுங்கையூர்)

விதியிலேயே இடம் உண்டு. பர்மா, இலங்கை, பாகிஸ்தான், சில கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இங்கேயே தங்கிவிடும் எண்ணத்துடன் வந்த இந்திய வம்சாவளியினர் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் மட்டும் வேண்டும். நேபாளக் கூர்க்காக்களுக்கு அதுவும் தேவையில்லை. தெருவில் எங்களை 'அகதி' என்பார்கள். அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. அப்பாவும் ரங்கூனில் பிறந்தவர்தான். போகாத ஊருக்கு எப்படித் திரும்பினோம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் பர்மாவை விட்டு வந்தீர்கள்? (தண்டையார்பேட்டை)

1962இல் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின; அதே ஆண்டில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்பாவின் துணிக்கடை காலையில் இருந்தது, மாலையில் இல்லை. வேறென்ன சொல்ல?

ஸ்டான்லியில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். ராணுவத்தில் சேரலாமா, ஐயா? (ராயபுரம்)

சேரலாம் அம்மா, ஆனால் கணக்குப் போட்டுச் சேருங்கள். ஷார்ட் சர்வீஸ் என்னும் குறுகிய காலப் பணி முதலில் ஐந்து ஆண்டு. நீட்டித்தால் மொத்தம் பதினான்கு. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க இருபது ஆண்டு வேண்டும். ஆகவே பதினான்கில் வெளியே வந்தால் பணிக்கொடையோடு சரி. நிரந்தரப் பணிக்கு மாறும் வாய்ப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர்களும் துப்பாக்கி வைத்திருப்பார்களா? (காசிமேடு, பள்ளி மாணவன்)

வைத்திருக்கலாம் தம்பி. தன்னையும் தன் நோயாளிகளையும் காத்துக்கொள்ள மட்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்வது அது. எதிரி வீரன் அடிபட்டு வந்தாலும் சிகிச்சை தர வேண்டும். யாருக்கு முதலில் என்பதைக் காயம்தான் முடிவு செய்யும், சீருடை அல்ல. உங்களைப் போன்ற பையன்கள் ஏ.ஜி. ரங்கராஜ் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொரியப் போரில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை நடத்தியவர். மகாவீர் சக்ரா பெற்றவர். பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது வண்டி கிடைக்காமல், கைவிடப்பட்ட ரயில் எஞ்சினுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, மருத்துவச் சாமான்களைக் காப்பாற்றினார்கள்.

வடசென்னைக்காரர் லடாக் குளிரை எப்படித் தாங்கினீர்கள்? (கொருக்குப்பேட்டை)

மார்கழிக்கே காதில் துண்டு கட்டும் ஊர் நம்முடையது. அங்கே ஊசி மருந்து உறையாமலிருக்கக் குப்பிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். ஆனால் ஆளைக் கொல்வது குளிரைவிட உயரம்தான். உடலைப் பழக்காமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆக்சிஜன் கொடுத்து, ஆளை உடனே கீழே இறக்குவதுதான் வைத்தியம். பனியில் மரத்த விரலை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொருவனும் தேய்க்கத்தான் தேய்ப்பான்.

ராணுவ மருத்துவர் வரன் வந்திருக்கிறது. மகள் தனியாகக் கஷ்டப்படுவாளா? (பழைய வண்ணாரப்பேட்டை, ஒரு தாய்)

மறைக்காமல் சொல்கிறேன் அம்மா. களப் பகுதிக்குக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. நான் லடாக்கில் இருந்தபோது மனைவி ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போடுவாள், ஏனென்றால் அவை வரிசையாக வந்து சேராது. ஒருமுறை 14ஆம் கடிதம் முதலில் வந்தது: 'இப்போது தேவலை, கஞ்சி குடிக்கிறாள்.' யாருக்கு என்ன தேவலை? 13 வர ஒன்பது நாள் ஆயிற்று. மூத்தவளுக்குத் தட்டம்மை. அந்த ஒன்பது நாளும் கூடாரத்தில் நான் பிறர் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று கைபேசி இருக்கிறது, இவ்வளவு மோசமில்லை. குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர்களில் குடியிருப்பும் கேந்திரிய வித்யாலயா இடமும் கிடைக்கும். பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருப்பார்கள். என் மூத்தவள் ஏழு பள்ளி பார்த்தாள், தமிழ் எழுத்துக்கூட்டத் தாமதமாயிற்று. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் இடம் மாறுவதில் எங்கள் வீட்டுக்கு முன்பழக்கம் இருந்தது. கல்யாணமான வாரமே என் அம்மா மருமகளுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார்: எத்தனை பெட்டி போனாலும் ஒன்றில் மட்டும் ஸ்டவ், ஒரு பாத்திரம், இரண்டு ஆழாக்கு அரிசி, பருப்பு, புளி, உப்பு, தீப்பெட்டி வை, அதைக் கடைசியாக ஏற்று, முதலில் இறக்கு. பர்மாவிலிருந்து வந்து முகாமில் முதல் இரவு பட்டினி கிடந்த பாடம் அது. பதினோரு இடமாற்றத்திலும் நாங்கள் போன அன்றே எங்கள் வீட்டில் ரசம் கொதித்தது. வரனைப் பாருங்கள், மகளிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா? (மேலே உள்ளதைப் படித்த என் பக்கத்து வீட்டுக்காரர்)

இருக்கிறது. கறுப்புத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் என் பெயர், பதவி, படைப்பிரிவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கறுப்படித்து மேலே புதிதாக எழுதியது. போன தீபாவளிக்குச் சுத்தம் செய்தபோது ஒரு மூலை உரிந்து, அப்பா கையால் எழுதிய 'ரங்கூன்' தெரிந்தது. பேரன் பெயின்ட் டப்பாவோடு வந்தான். வேண்டாம் என்றுவிட்டேன்.