ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன்

கேள்வி: விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டது. இலவசம் என்று ஒரு ரெஜிஸ்ட்ரி க்ளீனரை நிறுவினேன். 1,284 பிழைகள் என்று சிவப்பெழுத்தில் காட்டிவிட்டு, சரிசெய்யச் சந்தா கட்டச் சொல்கிறது. கட்டலாமா? "நாமே உள்ளே போய் அழித்துவிடலாம்" என்கிறார் நண்பர்.

பதில்: கட்டாதீர்கள். நண்பரையும் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பேரேடு. என்றோ நீக்கிய மென்பொருளின் சில நூறு வரிகள் அதில் மிச்சம் கிடந்தால் வேகம் குறையாது. விண்டோஸ் தனக்கு வேண்டிய வரியை நேரே போய்ப் படிக்கிறது. ஏட்டை முழுவதும் புரட்டுவதில்லை. இத்தகைய க்ளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அந்தச் சிவப்பு எண் உங்களைப் பயமுறுத்திப் பணம் வாங்குவதற்கானது. கணினி தொடங்கும்போதே கூடவே ஓடத் தொடங்கும் மென்பொருள்களைக் குறையுங்கள், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். செலவில்லை.

கேள்வி: மெனுக்கள் சட்டென்று திறக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றப் போகிறேன். முதலில் முழு ரெஜிஸ்ட்ரியையும் எக்ஸ்போர்ட் செய்து, அதாவது ஒரு கோப்பாக நகலெடுத்து வைத்தால் போதும்தானே?

பதில்: போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திரும்ப இம்போர்ட் செய்தால், அதில் உள்ளவை மட்டும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும். இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்த வரி அப்படியே நிற்கும். அதை நீங்கள்தான் தேடிப்பிடித்து நீக்க வேண்டும். முழு ரெஜிஸ்ட்ரியை இம்போர்ட் செய்யப் பார்த்தால் இன்னொரு சிக்கல்: ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் பிடியில் வைத்திருக்கும் பகுதிகளை எழுத விடாது. பாதி பழையது, பாதி புதியது என்று ஆகிவிடும்.

ஆகவே இரண்டு காப்பு வேண்டும். முதலில் சிஸ்டம் ரீஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளி: சிக்கல் வந்தால் விண்டோஸின் அமைப்புகளை அந்த நிலைக்கே திருப்பலாம். இதற்குத் தேவையான சிஸ்டம் புரொடெக்ஷன் பல கணினிகளில் அணைந்தே கிடக்கும். அதை இயக்கிவிட்டுப் புள்ளியை உருவாக்குங்கள். அடுத்து, ரெஜிஸ்ட்ரியைத் திருத்த விண்டோஸில் உள்ள ரெஜிஸ்ட்ரி எடிட்டரில், மாற்றப்போகும் கீயின் (மதிப்புகளை வைத்திருக்கும் ஃபோல்டர் போன்றது) மேல் வலது கிளிக் செய்து அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் அது கன்ட்ரோல் பேனல் என்ற கீக்குள் இருக்கும் டெஸ்க்டாப். அதில் மெனு ஷோ டிலே என்ற மதிப்பு வழக்கமாக 400, அதாவது 400 மில்லி விநாடி. 100 என்று மாற்றிவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 'சேமி' பொத்தானும் கிடையாது, 'அன்டூ'வும் கிடையாது. ஓகே அழுத்திய நொடியே மாற்றம் நடந்துவிடும். ஒரு வரி தேவையில்லை என்று தோன்றினால் நான் அழிப்பதில்லை; அதன் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துவைத்துச் சில நாள் பார்ப்பேன். டிவேர்டு (DWORD) என்ற எண் வகை மதிப்பைத் திருத்தும்போது பெட்டியின் வலப்பக்கத்தைக் கவனியுங்கள்: ஹெக்ஸாடெசிமல், அதாவது பதினாறின் அடிப்படையில் எண்ணும் முறைதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அங்கே 10 என்று எழுதினால் விண்டோஸ் அதை 16 என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

யாரோ அனுப்பிய ரெஜ் கோப்பை (ரெஜிஸ்ட்ரியில் செய்யவேண்டிய மாற்றங்களை எழுதிவைத்த .reg கோப்பு) ஒருபோதும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். நோட்பேடில் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குறி திறந்தவுடன் ஒரு கழித்தல் குறி இருந்தால், அந்தக் கீயும் அதற்குள் இருக்கும் அனைத்தும் அழியப்போகின்றன என்று பொருள்.

கேள்வி: விண்டோஸே ரெக்பேக் என்ற ஃபோல்டரில் ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைக்குமாமே? பிறகு எதற்கு இத்தனை பாடு?

பதில்: முன்பு வைத்தது. 2018இல் வந்த விண்டோஸ் 10, 1803 பதிப்பிலிருந்து அது தானாக நடப்பதில்லை. ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் வரிசையாக இருக்கும். அளவைப் பாருங்கள்: ஒவ்வொன்றும் 0.