எசியோ பின்ஸா: ஓபராவும் நடிப்பும் – கேள்வி பதில்

இத்தாலிய ஓபரா பாடகரும் நடிகருமான எசியோ பின்ஸா (1892–1957) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே: ஆளை முதலில் சுருக்கமாக அறிமுகப்படுத்துங்கள்.

ரோமில் பிறந்து ரவென்னாவில் வளர்ந்தவர். குரல் வகை பாஸ், அதாவது ஆண் குரல்களில் ஆகக் கீழே இறங்குவது. 1914இல் முதல் மேடை. உடனே முதல் உலகப் போர் வந்து ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டது. திரும்பி வந்து மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில், இசை நடத்துநர் டொஸ்கானினி நடத்திய ஓபராக்களில் பாடினார். 1926 முதல் 1948 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 22 சீசன். அதை விட்ட பிறகுதான் பிராட்வே, அதாவது நியூயார்க்கின் இசை நாடக மேடை. 57 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

கே: இசைக்குறிப்பு படிக்கவே தெரியாதாமே, நிஜமா சார்?

நிஜம்தான். எல்லாம் கேள்வி ஞானம். ஓபரா அரங்குகளில் பாடகருக்குப் பாடம் ஏற்றவே பியானோ வாசிக்கும் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். வரி வரியாக வாசித்துக் காட்டுவார். நம் குருகுலப் பாடாந்தரம் போலத்தான். நாள் பிடிக்கும், ஆனால் ஏறினால் இறங்காது. சிக்கல் வருவது ஐந்தாறு பேர் சேர்ந்து ஆளுக்கொரு வரி பாடும் இடங்களில். குறிப்பு படித்தவர் மாத்திரை எண்ணிக்கொண்டு காத்திருப்பார். கேட்டுப் பழகியவருக்குப் பக்கத்தில் பாடுபவரின் குரல்தான் அடையாளம். அன்றைக்கு அவருக்குப் பதில் வேறு ஆள் வந்தால் எடுப்பு தவறும்.

கே: மொத்சார்ட் ஓபராவின் நாயகன் டான் ஜியோவானி, பாரிட்டோன் (பாஸுக்கு ஒரு படி மேலான ஆண் குரல்) பாடும் பாத்திரம் ஆயிற்றே? பாஸ் எப்படிப் பாடினார்?

மொத்சார்ட் அந்தப் பாத்திரத்துக்கு எழுதிய மேல் ஸ்வரங்கள் நல்ல பாஸ் குரலுக்கும் எட்டும். கஷ்டம் உயரத்தில் இல்லை, வேகத்தில். விருந்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அவன் பாடும் பாட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சு வாங்க இடமே கிடையாது. கனத்த குரலோடு போனால் மெய்யெழுத்துகள் பின்தங்கும், ஆர்கெஸ்ட்ரா முன்னே ஓடிவிடும். இரண்டாம் அங்கத்தில் ஜன்னலுக்குக் கீழே மாண்டலினோடு பாடுவதோ நேர் எதிர்: பாதிக் குரலில் கெஞ்ச வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்தான் என்று நம்ப வைப்பதற்குப் பெயர்தான் நடிப்பு. மெட்ரோபாலிட்டனில் 1929இல் இந்த வேடத்தைத் தொடங்கியவர் பல ஆண்டுகள் பாடிப் பாடித்தான் அதைத் தனதாக்கினார். பிராட்வே அவரை நடிகராக்கியது என்பார்கள். என் கணக்கில் ஆக்கியது டான் ஜியோவானிதான்.

கே: மைக் இல்லாமல் அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி எப்படிக் கேட்கும்? கத்துவார்களா?

கத்தினால் தொண்டை போகும், குரலும் போய்ச் சேராது. ஆர்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) அருகில்; அதற்கு மேலே போகப் போகக் குறையும். பயின்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனிக் கூர்மை இருக்கும். குரல்வளையைத் தாழ்த்தி, அதற்கு நேர் மேலே உள்ள பாதையைக் குறுக்கி, தொண்டையை அகலமாக வைத்தால் அது பிறக்கிறது. மனிதக் காதும் அந்த இடத்தில்தான் நன்றாகக் கேட்கும். மைக் வருமுன் நம் நாடக மேடை ராஜபார்ட்டுகள் சுருதியைக் கூட்டிக் கடைசி வரிசையை எட்டினார்கள். இவர்கள் சுருதியைத் தொடாமல் ஒலியின் நிறத்தை மாற்றி எட்டினார்கள்.

கே: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கைதானாரா?

ஆம். 1942 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பிடித்தது, இத்தாலியக் குடிமகன், ஆகவே எதிரி நாட்டவர். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் ஏறத்தாழ மூன்று மாதம் வைத்திருந்து விடுவித்தார்கள்.

கே: பிராட்வே இசை நாடகமான 'சவுத் பசிபிக்'கின் ஒப்பந்தத்தில் 15 நிமிடம்தான் பாடுவேன் என்று எழுதி வாங்கினாராம். இது என்ன பந்தா?

பந்தா இல்லை, கணக்கு. ஓபராவில் ஒரு நாள் பாடினால் நடுவே ஓரிரு நாள் ஓய்வு உண்டு. பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி, அதில் இரண்டு நாள் தலா இரண்டு. 1949இல் உடம்பில் ஒட்டும் மைக்கும் கிடையாது. பாட்டோடு வசனமும் சேர்கிறது; பாடகரின் தொண்டையை அதிகம் தேய்ப்பது வசனம்தான். ஆகவே ஒரு காட்சிக்கு 15 நிமிடம்.

இன்னொரு நுணுக்கம். ஜோடியாக நடித்த மேரி மார்ட்டின், இந்தக் குரலோடு சேர்ந்து பாடினால் என் குரல் எங்கே கேட்கும் என்று தயங்கினார். இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இருவருக்கும் முறையான ஜோடிப் பாட்டே வைக்கவில்லை. கையில் பிராந்திக் கோப்பையோடு இருவரும் மாறி மாறி மனசுக்குள் நினைப்பதைப் பாடுவார்கள். குரல்கள் சேரவே சேராது, சேர வேண்டிய இடத்தில் ஆர்கெஸ்ட்ரா பொங்கி எழும். பிரச்சினையை மறைக்கச் செய்த ஏற்பாடு, நாடகத்தின் மிக அழகான காட்சியாகிவிட்டது! அந்த வேடத்துக்கு 1950இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது.

கே: சினிமாவில் ஏன் எடுபடவில்லை?

1951இல் லானா டர்னரோடு நடித்த படம் ஓடவில்லை. கடைசி வரிசைக்காகப் பழகிய கண்ணும் கையும் குளோசப்பில் கூடுதலாகத் தெரியும் என்பது என் கருத்து. 1954இல் 'ஃபேனி' இசை நாடகத்தில் பிராட்வேக்கே திரும்பிவிட்டார்.

கே: அவர் வழியில் வந்தவர்கள் உண்டா?

'சவுத் பசிபிக்'கில் அவர் ஏற்ற பாத்திரத்துக்கு 1958 படத்தில் ரொஸானோ பிராட்ஸி நடித்தார், பாடியது மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பாஸ் ஜியோர்ஜியோ டொட்ஸி. மேடையில் பிரேசில் பாரிட்டோன் பாவ்லோ ஷாட் 2008இல் டோனி வாங்கினார். அவர் மெட்ரோபாலிட்டனில் அறிமுகமானது அதற்கப்புறம், 2010இல்.

கே: ஓபரா முறையில் பயில்கிறேன், இசை நாடகத்தில் வாய்ப்பு வந்திருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வசனம் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில். பேசிக்கொண்டிருந்த மனிதன் திடீரென அசரீரியாக மாறக் கூடாது. முதல் இரண்டு வரியைப் பேசிப் பாருங்கள். அதே வாய் வடிவத்தில் உயிரெழுத்தை மட்டும் நீட்டுங்கள். பிறகு ஸ்வரத்தில் வையுங்கள். முழுக் குரலை மெட்டு மேலேறும் இடத்துக்குச் சேமியுங்கள். ஒத்திகையில் நாளுக்கு ஒருமுறை முழுக் குரல் போதும், மற்றதெல்லாம் பாதிக் குரல். மைக் சோதனையில் பெரும்பாலானோர் கூச்சத்தில் மெல்லிய வரியைப் பாடிக் காட்டுவார்கள், காட்சியன்று உச்சத்தில் சத்தம் உடையும். சவுண்ட் ஆளுக்கு உங்கள் ஆகப் பெரிய வரியைப் பாடிக் காட்டுங்கள்.