"சுடவா போகிறார்?" என்று இருந்துவிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கடலூரில் குடும்ப வன்முறை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளில், வீட்டில் இருக்கும் துப்பாக்கி பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்கள் யார் என்று தெரியாமலிருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வங்கியில் காவலராக இருக்கிறார். லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது. என்னை அடித்ததே இல்லை. ஆனால் வாக்குவாதம் வந்தால் துப்பாக்கியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்துத் துடைப்பார். பக்கத்தில் இரண்டு தோட்டாக்களை நிறுத்தி வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தேர்தலுக்காக அதை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அடி விழாமல் புகார் கொடுக்க முடியுமா? – வடலூர்

முடியும் அம்மா. காயம் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 'உடல்ரீதியான வன்முறை' என்பதற்குள்ளேயே குற்றமுறு மிரட்டலையும் சேர்த்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது அதுதான். அவர் வாய் திறக்கவில்லை என்பதால் அது மிரட்டல் இல்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் போலீஸ் பதிவுகளை ஆராய்ந்தபோது, துப்பாக்கி சம்பந்தப்பட்ட வீட்டுச் சண்டைகளில் பெண்களின் உடலில் காயம் குறைவாகவும் பயம் அதிகமாகவும் இருந்தது தெரிந்தது. கையில் துப்பாக்கி இருப்பவனுக்கு அடிக்க வேண்டிய தேவையே இல்லை. அதே நாட்டில் ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் 11 நகரங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமை செய்யும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டும்போது அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு கூடுவதாகக் கண்டார்கள். தெருவுக்குத் தெரு துப்பாக்கி இருக்கும் நாட்டின் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உங்கள் மேஜைமேல் இருப்பதும் துப்பாக்கிதான்.

இரண்டு இடங்களில் மனு கொடுங்கள். முதலாவது, சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, உங்கள் பிரமாண வாக்குமூலத்தை வைத்தே, கணவர் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு கிடைக்க வழி உண்டு. மனுவில் துப்பாக்கியைப் பற்றித் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் எழுத்தில் உத்தரவிட்டால், பாதுகாப்பு அலுவலர் போலீஸ் துணையோடு ஆயுதத்தைக் கைப்பற்றலாம் என்று அந்தச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளில் 10ஆம் விதி சொல்கிறது. இதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, கலெக்டர். ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவின் நகலை எஸ்.பி. அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். உரிமப் புத்தகத்தைப் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். துப்பாக்கியை மட்டும் தொடாதீர்கள், எங்கேயும் ஒளித்தும் வைக்காதீர்கள்.

"என் பிழைப்பில் மண்ணைப் போட்டாய்" என்று அவர் சொல்லத்தான் செய்வார். அவர் சம்பளத்தைக் காப்பாற்ற நீங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மிக முக்கியம்: மனு விஷயம் அவர் காதுக்குப் போகும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பெண் விலகிப் போகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். எங்கே போகிறீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம்கூட முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் பேசினால் தங்குமிடத்துக்கும் வழி சொல்வார்கள்.

மகள் பிரான்ஸில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே குடியுரிமை உள்ளவர், வேட்டைக்குப் போகிறவர், வீட்டில் இரண்டு துப்பாக்கி. "உன்னையும் சுட்டு நானும் செத்துப்போவேன்" என்கிறாராம். போலீஸுக்குப் போனால் விசா போய்விடும் என்று பயப்படுகிறாள். – லாஸ்பேட்டை, புதுச்சேரி

தானும் சாவேன் என்று சேர்த்துச் சொல்கிற மிரட்டலை நான் எப்போதும் கூடுதல் கவலையோடுதான் பார்ப்பேன். அங்கே குடும்ப நீதிபதி பாதுகாப்பு ஆணை கொடுக்கும்போது, ஆயுதம் வைத்திருக்கவே தடை போட முடியும். 2019 டிசம்பரில் வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது. அந்த ஆணை கேட்க, முதலில் போலீஸ் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆணை பெற்ற வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தங்கும் உரிமம் பெறச் சட்டத்தில் தனி வழி உண்டு. கொடுமையால் பிரிந்ததற்காக உரிமம் பறிபோகும் என்று அவள் பயப்பட வேண்டாம். கொடுமைக்கு ஆளாகும் பெண்களுக்கான 3919 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். ஆபத்து என்றால் அங்கே போலீஸ் எண் 17. பேச முடியாத நிலையில் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இந்த எண்களை மாப்பிள்ளை எடுத்துப் பார்க்கிற போனுக்கு அனுப்பாதீர்கள் அம்மா.

அக்கா வீட்டுக்காரர் காட்டுப்பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். லைசென்ஸ் கிடையாது. குடித்துவிட்டு அக்கா நெஞ்சில் வைத்து மிரட்டினார். சொன்னால் அக்காவும் மாட்டுவாளா? – விருத்தாசலம் பக்கம்

பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள் தம்பி. கொடுமைக்கு ஆளான அக்காவே முன்வந்து சொல்லும்போது அது அக்கா ஒளித்து வைத்த துப்பாக்கி என்று ஆகாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. கொலை மிரட்டலுக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 351(3)ஆம் பிரிவு, கணவர் செய்யும் கொடுமைக்கு 85ஆம் பிரிவு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போது துப்பாக்கி எங்கே செருகியிருக்கிறது, கரிமருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்பது வரை எழுதுங்கள். வெறுமனே 'மிரட்டினார்' என்று எழுதினால் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார்கள். அவர் இப்போதே குடித்துவிட்டு எடுக்கிறார் என்றால் புகார் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 112 அல்லது 100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

மாப்பிள்ளை துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதால் பெண் எங்கள் வீட்டில் இருக்கிறாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினோம். மாப்பிள்ளை கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். பெண்ணை அனுப்பலாமா? – நெல்லிக்குப்பம்

துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது ஐயா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது கைக்கு வரும்வரை அனுப்பாதீர்கள். வந்த பிறகும், போக வேண்டுமா என்பதை உங்கள் பெண்தான் சொல்ல வேண்டும். அவளைத் தனியாக உட்காரவைத்து, கழுத்தை நெரித்ததுண்டா என்று கேளுங்கள். பெண்கள் தாங்களாகச் சொல்லாத விஷயம் அது. ஒருமுறை நெரித்திருந்தாலும் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு. நம் பக்கத்தில் துப்பாக்கியைவிட அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உண்டு என்று சொன்னால், எந்தச் சத்தியத்தையும் நம்பி அனுப்ப வேண்டாம்.

ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே, அதைக் காட்டி மிரட்டினால்? – பண்ருட்டி

சக்தி குறைந்த ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது சரி. மிரட்டலுக்கு அந்த விலக்கு கிடையாது. அதன் குண்டு கண்ணைப் பறிக்கும். புகாரில் 'துப்பாக்கி போன்ற பொருள்' என்று மழுப்பாமல் ஏர் கன் என்றே எழுதுங்கள். பெட்டியோ பில்லோ இருந்தால் படம் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.