செயலி பத்தாயிரம் அடி கேட்கிறது, நான் எவ்வளவு நடக்கட்டும்?

கேள்வி: எனக்கு 45 வயது. நான்கு மாதத்துக்கு முன்பு மதுரையில் இரைப்பையைச் சுருக்கும் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 94. துபாயில் இருக்கும் மகன், எத்தனை அடி நடக்கிறேன் என்று எண்ணும் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது தினமும் பத்தாயிரம் கேட்கிறது. எனக்கு மூவாயிரமே பெரும்பாடாக இருக்கிறது. ராத்திரி போன் போட்டால் "உம்மா, இன்னைக்கு எவ்வளவு?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்கே தெரியும். இந்தச் செயலியால் உண்மையிலேயே பயன் உண்டா?
— கீழக்கரை வாசகி

பதில்: பயன் உண்டு. செயலியை அழிக்காதீர்கள். அதில் இருக்கும் பத்தாயிரத்தை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அது எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. 1960-களில் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பதற்காகச் சொன்ன எண், அப்படியே ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனதால் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் வயதும் உடம்பும் வேறுதான். ஆனாலும் மூவாயிரத்தில் இருப்பவர் நாலாயிரத்துக்குப் போவது சின்ன முன்னேற்றம் இல்லை. அரசு 2023-ல் மாவட்டந்தோறும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' நடைபாதையின் 8 கிலோமீட்டரைப் பார்த்தும் மிரள வேண்டாம். அது பழகியவர்களுக்கான தூரம்.

எனக்கு வேறொரு சந்தேகம். உங்கள் மூவாயிரம் உண்மையிலேயே மூவாயிரம்தானா? போன் உடம்போடு இருந்தால்தான் அடியை எண்ணும். நீங்கள் அடுப்படிக்கும் கொல்லைக்கும் மாடிக்கும் அலையும்போது போன் எங்கே இருக்கிறது? என்னிடம் வரும் பெண்களைக் கேட்டால் "ஃப்ரிட்ஜ் மேல" என்பார்கள், இல்லாவிட்டால் "சார்ஜ்ல". சட்டைப்பை வைத்திருக்கும் ஆண்களை நினைத்துச் செய்த ஏற்பாடோ என்றுகூடத் தோன்றும். போன் கொள்ளும் அளவுக்கு ஒரு சுருக்குப்பை தைத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பிறகு வாய்விட்டு எண்ணி நூறு அடி நடந்து, போன் எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். பத்து அடி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ரொம்பவும் குறைந்தால் பேட்டரி சேமிப்பு போட்டிருக்கிறதா, அடி எண்ணுவதற்கான அனுமதியைச் செயலிக்குக் கொடுத்திருக்கிறதா என்று வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மிக மெதுவாக நடந்தாலும் சில அடிகள் விட்டுப்போகும். மாதச் சந்தா கேட்கும் செயலி தேவையே இல்லை. போனோடு வரும் சாம்சங் ஹெல்த் மாதிரி ஒன்று போதும்.

சரி, இலக்கு எவ்வளவு? ஒரு வாரம் எதையும் மாற்றாமல், சுருக்குப்பையோடு வழக்கம்போல இருங்கள். அந்த ஏழு நாள் சராசரியோடு 500 சேருங்கள். அதுதான் உங்கள் இலக்கு. சுறுசுறுப்பாக நடந்தால் நிமிடத்துக்கு நூறு அடி வரும், ஆக 500 என்பது ஐந்து நிமிடக் கதை. இரண்டு வாரம் திணறாமல் எட்ட முடிந்தால் இன்னொரு 500. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. வேகம் அந்த அளவு. மகனிடமும் கணக்கை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேட்கச் சொல்லுங்கள். தினமும் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும், அப்புறம் போனையே தொட மனசு வராது.

கடற்கரையில் நடப்பதாக இருந்தால் இலக்கைக் குறைத்துக்கொள்ளலாம். கால் புதையும் மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். செயலிக்கு மணலும் தெரியாது, தார் ரோடும் தெரியாது. சேதுக்கரைப் பக்கம் போய் ஆயிரம் அடி நடந்துவிட்டு "ஆயிரம்தானே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். மூட்டுவலி இருந்தால் அலை வந்து போன ஈரமணல் ஓரம் நல்லது. வெயில் நாட்களில் காலை ஏழு மணிக்கு முன், இல்லையென்றால் மாலை ஐந்தரைக்குப் பின். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் மொட்டை மாடியே போதும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

இனி, செயலி கண்ணில் படாத வேலை. என்னைக் கேட்டால் நடையைவிட இதுதான் உங்களுக்கு முக்கியம். நான்கு மாதத்தில் 24 கிலோ இறங்கியிருக்கிறது. இறங்கியது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் கூடப் போயிருக்கும். நடை தசையை ஓரளவுக்குமேல் காப்பாற்றாது. சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எட்டுத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. முதல் வாரம் கையை ஊன்றினாலும் குற்றமில்லை. அப்புறம் சுவரில் உள்ளங்கை பதித்துத் தள்ளும் பயிற்சி. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். இதை எந்தச் செயலியும் தானாக எண்ணாது என்பதால் போனில் அலாரம் வையுங்கள். கூடவே புரதமும் வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது சொல்வார்கள். முதல் கவளம் மீனாகவோ முட்டையாகவோ இருக்கட்டும், சோறு பிறகு.

தண்ணீர்க் குடம் பற்றியும் சொல்ல வேண்டும். நிரம்பிய குடம் 15 கிலோ வரும். உங்கள் அறுவை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அதை இடுப்பில் ஏற்ற வேண்டாம். அவர் அனுமதித்த பிறகும் அரைக்குடத்தில் தொடங்குங்கள். தழும்பு இருக்கும் இடத்தில் புடைப்போ வலியோ தெரிந்தால் நிறுத்திவிட்டு அவரிடம் காட்டுங்கள்.

செயலி சொல்லும் ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். "இன்று 250 கலோரி எரித்தீர்கள், இவ்வளவு சாப்பிடலாம்" என்று சில செயலிகள் காட்டும். அந்தக் கணக்கு பெரிய அளவில் பிசகக்கூடியது, உங்கள் இரைப்பை சின்னதானதும் அதற்குத் தெரியாது. தண்ணீர் நினைவூட்டலை அப்படி விட்டுவிட வேண்டாம், நம் பக்கத்து வெக்கைக்கு அது அவசியம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னால் உங்களால் முடியாது. கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு என்று மாற்றி வையுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் வேண்டாம். நோன்பு மாதத்தில் இது தலைகீழாகிவிடும். ஆபரேஷன் ஆன முதல் வருடம் நோன்பு வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டே முடிவெடுங்கள். வைத்தால் நடை நோன்பு திறந்த பிறகுதான், இலக்கும் பாதிதான்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை பழைய அளவிலேயே ஓடுகிறதா என்றும் பாருங்கள். எடை இறங்கியபின் அதே அளவு அதிகமாகிப்போய், நடக்கும்போது தலைசுற்றல், வியர்வை, படபடப்பு வரலாம். நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடிக்கடி வாந்தியும் கால் மரத்துப்போவதும் சேர்ந்தால் விட்டமின் பி1 குறைந்திருக்கலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

ஸ்வீடனில் 'ப்ரோமெரா' என்ற ஆய்வுக்காக உங்களைப் போல ஆபரேஷன் முடிந்தவர்களுக்கென்றே 12 வாரச் செயலி ஒன்றைச் செய்தார்கள். நடையைத் தூண்டுவதோடு விட்டமின் மாத்திரையையும் ஒழுங்காகப் போடவைப்பது அதன் நோக்கம். அந்த யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளலாம், நடை அலாரத்தோடு மாத்திரை அலாரத்தையும் வையுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் ஒரே வேளையில் வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு செயலியின் மாத வரைபடத்தையும் காட்டுங்கள். நன்றாக ஏறிவந்த நடை காரணமில்லாமல் இரண்டு மூன்று வாரம் சரிந்திருந்தால், சோம்பல் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாமல் ஹீமோகுளோபின், பி12, விட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.